படிக்கத்தான் தடை, அனுப்ப அல்ல: உலாவி நீட்சிகளும் அவற்றின் வலைக் கோரிக்கைகளும்

குரோம் உலாவியில் ஒரு நீட்சியை, அதாவது உலாவிக்குக் கூடுதல் திறன் தரும் சிறு மென்பொருளை, சேர்க்கப் போகும்போது, நாம் பார்வையிடும் எல்லா இணையதளங்களிலும் உள்ள நம்முடைய தரவு முழுவதையும் அது படிக்கலாம், மாற்றலாம் என்று ஒரு சிறு பெட்டி எச்சரிக்கிறது. பெரும்பாலோர் அதைப் படிக்காமலேயே சம்மதிக்கிறார்கள். படிப்பவர்களும், விளம்பரத்தைத் தடுக்க வேண்டுமானால் இதெல்லாம் வேண்டியிருக்கும் போலும் என்று எண்ணிச் சம்மதிக்கிறார்கள். இதற்கிடையே, உலாவி நிறுவனங்கள் நீட்சிகளின் வலைக் கோரிக்கைகள்மீது, அதாவது அவை இணையத்திலுள்ள சர்வர்களுக்கு அனுப்பும் செய்திகள்மீது, ஒன்றன்பின் ஒன்றாகக் கட்டுப்பாடுகளை விதித்து வந்திருக்கின்றன. ஒவ்வொரு முறையும் பாதுகாப்பே காரணம் என்று சொல்லப்பட்டது. இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் ஒருவர், முன்பு ஆபத்தாக இருந்த நீட்சிகள் இப்போது கட்டிப்போடப்பட்டுவிட்டன என்று நினைப்பது இயல்பு. அது பாதிதான் சரி. இந்தக் கட்டுப்பாடுகள் யாரிடமிருந்து யாரைக் காக்கின்றன என்று கேட்டுப் பார்த்தால்தான் மறுபாதி தெரியவரும்.

இதை நான் எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. பக்கத்தில் ஒரு சொல்லைத் தேர்ந்தெடுத்தால் தமிழ் விக்சனரி என்ற இணைய அகராதியிலிருந்து அதன் பொருளை எடுத்துக் காட்டும் சிறிய நீட்சி ஒன்றைச் சில ஆண்டுகளாகப் பராமரித்து வருகிறேன். உலகை மாற்றும் மென்பொருள் அல்ல. நண்பர்கள் சிலரும் அவர்களுடைய நண்பர்களும் பயன்படுத்துகிறார்கள். ஆனால் அது செய்யும் ஒரே வேலை ஒரு தளத்தில் இருந்துகொண்டு இன்னொரு தளத்திடம் தகவல் கேட்பது என்பதால், உலாவிகள் இந்த விஷயத்தில் விதியை மாற்றிய ஒவ்வொரு முறையும் அந்த மாற்றம் என் நிரலின் வழியாகத்தான் போனது.

முதலில் அடிப்படை விதி. 1995-இல் நெட்ஸ்கேப் நேவிகேட்டரின் இரண்டாம் பதிப்பு ஜாவாஸ்கிரிப்டோடு வந்தபோதே, ஒரு தளத்தின் நிரல் இன்னொரு தளத்தின் உள்ளடக்கத்தைத் தொடக் கூடாது என்ற எண்ணமும் உடன் வந்துவிட்டது. சேம் ஆரிஜின் பாலிசி என்று அழைக்கப்படும் அந்த விதிப்படி, முகவரியின் நெறிமுறை, பெயர், போர்ட் எண் ஆகிய மூன்றும் ஒத்திருந்தால்தான் இரண்டு பக்கங்கள் ஒரே வீட்டுக்காரர்களாகக் கருதப்படும். இது இல்லாவிட்டால், சமையல் குறிப்புத் தளம் ஒன்று, நாம் வேறொரு தாவலில் உள்நுழைந்து வைத்திருக்கும் மின்னஞ்சலை நம்முடைய குக்கீயை (நாம் உள்நுழைந்ததை நினைவில் வைக்கும் சிறு தகவலை) பயன்படுத்தியே வரவழைத்துப் படித்துவிட முடியும். பின்னர், தளங்கள் தாமாக விரும்பிக் கதவைத் திறந்துவிட ஒரு வழி தேவைப்பட்டபோது, கோர்ஸ் என்ற ஏற்பாடு உருவாகி, 2014 ஜனவரியில் வலைத் தர அமைப்பான டபிள்யூ3சியின் பரிந்துரையாக முறைப்படி வெளிவந்தது. பதில் சொல்லும் சர்வர், இன்ன தளம் என் பதிலைப் படிக்கலாம் என்று பதிலின் முகப்பில் போகும் தலைப்புவரி ஒன்றில் எழுதி அனுப்பினால் உலாவி அதைப் படிக்க விடும்; எழுதாவிட்டால் விடாது.

இதில் பலரும் கவனிக்காமல் விடும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. எளிய கோரிக்கையாக இருந்தால், உலாவி அதை அனுப்பத்தான் செய்கிறது. சர்வர் அதைப் பெற்றுக்கொண்டு பதிலும் தருகிறது. அந்தப் பதிலை நிரலின் கையில் கொடுக்காமல் நிறுத்துவது மட்டுமே இந்த விதியின் வேலை. வழக்கத்துக்கு மாறான தலைப்புவரிகளோ பதிவை அழிப்பது போன்ற முறைகளோ இருந்தால் மட்டுமே, அனுப்பலாமா என்று முன்கூட்டி ஒரு கேள்வி போகிறது. ஆக, வலையின் மையமான பாதுகாப்பு விதி படிப்பதைக் கட்டுப்படுத்துகிறதே ஒழிய, அனுப்புவதைப் பெரும்பாலும் கட்டுப்படுத்துவதில்லை.

நீட்சிகள் இந்த விதிக்கு விலக்குப் பெற்றவையாகவே பிறந்தன. விலக்கு இல்லாவிட்டால் அவற்றுக்கு வேலையே இல்லை: விலை ஒப்பிடும் நீட்சி ஒரு கடையின் பக்கத்தில் நின்றுகொண்டு இன்னொரு கடையை விசாரிக்க வேண்டும், கடவுச்சொல் மேலாளர் எல்லாப் பக்கங்களிலும் இருந்துகொண்டு தன் சர்வரோடு பேச வேண்டும். அந்த விலக்கு எவ்வளவு அபாயகரமானது என்பதை முதலில் தெளிவாகக் காட்டியது ஃபயர்ஃபாக்ஸுக்காக 2004-இல் ஆரன் பூட்மன் எழுதிய கிரீஸ்மங்கி. பயனர் தாமே எழுதிய சிறு நிரல்களை எந்தப் பக்கத்திலும் ஓடவிட அது வழி செய்தது. எந்தத் தளத்துக்கும் கோரிக்கை அனுப்பிப் பதிலைப் படிக்கும் தனிச் செயற்கூறு (ஃபங்ஷன்) ஒன்றையும் அந்த நிரல்களுக்குக் கொடுத்தது. 2005 ஜூலையில் மார்க் பில்கிரிம் என்ற நிரலாளர் அதிலிருந்த ஓட்டையை அம்பலப்படுத்தினார். பயனரின் நிரலும் பக்கத்தின் நிரலும் ஒரே சூழலில் ஓடியதால், பக்கம் கொஞ்சம் தந்திரம் செய்தால் அந்தச் சிறப்புச் செயற்கூறைத் தானே எடுத்துக்கொள்ள முடிந்தது. அந்தச் செயற்கூறால் கணினியில் உள்ள கோப்புகளைக்கூடப் படிக்க முடியும் என்பதுதான் கொடுமை. அவசரமாக வெளியிடப்பட்ட 0.3.5 பதிப்பு, அந்தச் சிறப்புச் செயற்கூறுகளையே முடக்கி வைத்திருந்தது.

அதே ஆரன் பூட்மன் பின்னர் கூகுளில் குரோமின் நீட்சி அமைப்பை வடிவமைத்தவர்களில் ஒருவர் என்பது தற்செயல் அல்ல என்றே நினைக்கிறேன். ஆடம் பார்த், ஏட்ரியன் போர்ட்டர் ஃபெல்ட், பிரதீக் சக்சேனா ஆகியோரோடு சேர்ந்து அவர் 2010-இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை, புகழ்பெற்ற 25 ஃபயர்ஃபாக்ஸ் நீட்சிகளை எடுத்து ஆராய்ந்து, அவற்றில் 88 விழுக்காடு தமக்குக் கிடைத்திருந்த முழு அதிகாரம் இல்லாமலேயே இயங்கக் கூடியவை என்று காட்டியது. அக்கட்டுரை எடுத்துக்கொண்ட எதிரி யார் என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். தீய எண்ணத்தோடு நீட்சி எழுதுபவரை அது எதிரியாக வைக்கவில்லை. நல்லெண்ணத்தோடு எழுதப்பட்டு, ஆனால் ஓட்டையுள்ள ஒரு நீட்சியைத் தீய இணையதளம் ஒன்று கைப்பற்றுவதையே எதிரியாக வைத்தது. குரோமின் நீட்சிக் கட்டுப்பாடுகளில் பெரும்பகுதி இன்றும் அந்த எதிரியை நோக்கியே நிற்கிறது.

அவர்கள் செய்த ஏற்பாடு, நீட்சியை இரண்டாகப் பிளப்பது. பக்கத்தைத் தொட்டு வேலை செய்யும் கண்டென்ட் ஸ்கிரிப்ட் ஒரு துண்டு. அதிகாரமெல்லாம் வைத்திருக்கும் பின்னணி நிரல் இன்னொரு துண்டு. முதல் துண்டு பக்கத்தின் கட்டமைப்பைப் பார்க்கலாம், மாற்றலாம். ஆனால் பக்கத்தின் ஜாவாஸ்கிரிப்ட் மாறிகளும் இதன் மாறிகளும் ஒன்றையொன்று பார்க்க முடியாது. கிரீஸ்மங்கி கற்றுத்தந்த பாடம் அப்படியே விதியானது. இருந்தும் ஒரு சலுகை மிச்சம் இருந்தது: நீட்சி தனக்கு வேண்டிய அனுமதிகளை அறிவிக்கும் மேனிஃபெஸ்ட் கோப்பில் ஒரு தளத்துக்கு அனுமதி பெற்றிருந்தால், கண்டென்ட் ஸ்கிரிப்ட்டே நேரடியாக அந்தத் தளத்துக்குக் கோரிக்கை அனுப்பிப் பதிலைப் படிக்கலாம். என் நீட்சியும் தொடக்கத்தில் அப்படித்தான் இருந்தது. பக்கத்துக்குள் இருந்தபடியே விக்சனரியைக் கேட்டு, வந்த பொருளை அங்கேயே ஒரு சிறு பெட்டியில் காட்டும். எழுதுவதற்கு அதைவிட எளிய வழி கிடையாது.

2018 ஜனவரியில் ஸ்பெக்டர் என்ற பாதுகாப்புக் குறைபாடு வெளியே வந்தது. கணினிகளின் நவீன செயலிகள் (புராசஸர்கள்) அடுத்த கட்டளையை ஊகித்து முன்கூட்டியே செய்து பார்க்கும் வழக்கத்தைப் பயன்படுத்தி, ஒரு நிரல் தான் ஓடும் அதே புராசஸின் (இயங்குதளம் தனி நினைவகம் ஒதுக்கி ஓட்டும் அலகின்) நினைவகத்தில் தனக்கு உரிமையில்லாத பகுதியையும் படித்துவிட முடியும் என்று அது காட்டியது. ஜாவாஸ்கிரிப்ட் அளவில் போடப்பட்ட சுவர்களை அதற்குமேல் நம்ப முடியாத நிலை. குரோம் அணி ஏற்கெனவே உருவாக்கிக்கொண்டிருந்த சைட் ஐசோலேஷனை அந்த ஆண்டே 67-ஆம் பதிப்பில் மேசைக் கணினிகளுக்கு இயல்பாக்கியது. ஒவ்வொரு தளமும் தனக்கென ஒரு புராசஸில் ஓட வேண்டும். பிற தளத்தின் தரவு அந்தப் புராசஸுக்குள் நுழையவே கூடாது. இதற்குத் துணையாக கார்ப் என்ற வடிகட்டி வந்தது. ஒரு பக்கம் பிற தளத்தின் எச்டிஎம்எல், ஜேசான், எக்ஸ்எம்எல் வடிவிலுள்ள தரவைப் படத்துக்கான குறியில் இட்டு வரவழைக்கப் பார்த்தால், அந்தப் பதில் பக்கத்தின் புராசஸை எட்டுவதற்கு முன்பே வெறுமையாக்கப்படும்.

இந்த ஏற்பாட்டில் நீட்சிகள் ஓர் ஓட்டையாக நின்றன. கண்டென்ட் ஸ்கிரிப்ட் ஓடுவது பக்கத்தின் புராசஸுக்குள். அங்கிருந்து ஒரு கோரிக்கை வெளியே வரும்போது, அதை அனுப்பியது நீட்சியின் துண்டா, பக்கத்தின் நிரலா என்று வெளியே நிற்கும் உலாவியால் உறுதியாகச் சொல்ல முடியாது. அந்தப் புராசஸ் சொல்வதைத்தான் நம்ப வேண்டும். தாக்குபவர் அந்தப் புராசஸையே கைப்பற்றியிருந்தால், "நான்தான் அந்த நீட்சி, எனக்கு எல்லாத் தளங்களுக்கும் அனுமதி உண்டு" என்று அது பொய் சொல்லும். உலாவியும் மின்னஞ்சல் பெட்டியை எடுத்துக் கொடுத்துவிடும். கைப்பற்றாவிட்டாலும், நீட்சிக்காக வந்த பதில் அந்தப் புராசஸின் நினைவகத்தில் கிடப்பதே ஸ்பெக்டருக்குப் போதும். எல்லாத் தளங்களுக்கும் அனுமதி பெற்ற ஒரே ஒரு நீட்சி நிறுவப்பட்டிருந்தால், சைட் ஐசோலேஷனுக்காகச் செய்த அத்தனை உழைப்பும் அந்தப் பயனரைப் பொறுத்தவரை பெருமளவு வீண்.

அதனால் 2019 மார்ச்சில் வந்த 73-ஆம் பதிப்பிலிருந்து கண்டென்ட் ஸ்கிரிப்ட்களின் கோரிக்கைகளும் கார்ப் வடிகட்டிக்குள் கொண்டுவரப்பட்டன. 2020 ஆகஸ்டில் வந்த 85-ஆம் பதிப்பிலிருந்து கோர்ஸ் விதியும் அவற்றுக்குப் பொருந்தியது. அன்றுமுதல் கண்டென்ட் ஸ்கிரிப்ட்டின் கோரிக்கை, அது நிற்கும் பக்கத்தின் பெயரிலேயே போகிறது. பக்கத்துக்கு இல்லாத உரிமை அதற்கும் இல்லை. பிற தளத்தைப் படிக்க வேண்டுமென்றால், பின்னணி நிரலுக்குச் செய்தி அனுப்பி, அதனிடம் வேலையை ஒப்படைக்க வேண்டும். பின்னணி நிரல் தனிப் புராசஸில் ஓடுவதால், அதன் கோரிக்கை எது என்பதில் உலாவிக்குக் குழப்பமில்லை. அப்போது பல நீட்சி உருவாக்குநர்கள் எரிச்சலடைந்தார்கள். எனக்கு இந்த மாற்றம் அன்றும் நியாயமாகவே பட்டது. இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன்.

வேலையைப் பின்னணி நிரலுக்கு மாற்றுவது பத்து வரி விஷயம்போலத் தெரியும். ஆனால் அந்தப் பத்து வரியை எப்படி எழுதுகிறோம் என்பதில்தான் கட்டுப்பாட்டின் பயனெல்லாம் அடங்கியிருக்கிறது. சோம்பேறித்தனமான வழி ஒன்று உண்டு: கண்டென்ட் ஸ்கிரிப்ட் "இந்த முகவரிக்குப் போய் வருவதைக் கொண்டுவா" என்று முழு முகவரியையும் செய்தியில் வைத்து அனுப்பும், பின்னணி நிரல் மறுபேச்சின்றிப் போய்க் கொண்டுவந்து கொடுக்கும். பழைய நிரலில் கோரிக்கை அனுப்பிய இடங்களிலெல்லாம் இந்தச் செய்தியை ஒட்டிவிட்டால் எல்லாம் முன்போல ஓடும். கூடவே, பழைய ஓட்டையும் முன்போலத் திறந்துவிடும். கைப்பற்றப்பட்ட பக்கம், கண்டென்ட் ஸ்கிரிப்ட்போல வேடமிட்டு அதே செய்தியில் வங்கியின் முகவரியை வைத்து அனுப்பினால், நம் பின்னணி நிரலே தரகராக நின்று பணியைச் செய்து முடிக்கும். குரோமின் ஆவணங்களே இந்த வடிவத்தைக் குறிப்பிட்டு, இப்படி எழுதாதீர்கள் என்று எச்சரித்தன. ஆனாலும் திறந்த மூல நீட்சிகளின் நிரலைப் புரட்டும்போது இதே வடிவத்தைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்.

சரியான வழியில், செய்திக்குள் முகவரி இருக்கக் கூடாது. என் நீட்சியில் கண்டென்ட் ஸ்கிரிப்ட் அனுப்புவது இரண்டே தகவல்: இது சொற்பொருள் கேட்கும் செய்தி என்ற அடையாளம், பிறகு அந்தச் சொல். பின்னணி நிரல் அந்தச் சொல்லின் நீளத்தைப் பார்க்கிறது. சொல்லில் தமிழ் எழுத்துகளும் ஆங்கில எழுத்துகளும் தவிர வேறேதும் இருந்தால் பேசாமல் தள்ளிவிடுகிறது. பிறகு தன்னிடம் நிலையாக எழுதி வைத்திருக்கும் விக்சனரி முகவரியோடு அதைச் சேர்த்துக் கேட்கிறது. திரும்பிப் போவதும் முழுப் பதில் அல்ல, பொருள் வரிகள் மட்டும். செய்தி எந்தத் தாவலிலிருந்து, எந்த முகவரியிலிருந்து வந்தது என்ற விவரத்தையும் உலாவி தருகிறது. சில பக்கங்களில் மட்டும் இயங்க வேண்டிய நீட்சியாக இருந்தால் அதையும் சரிபார்க்கலாம். கைப்பற்றப்பட்ட பக்கம் ஒன்று என் பின்னணி நிரலை ஏமாற்றி அதிகபட்சம் சாதிக்கக் கூடியது, 'நொச்சி' என்பதற்குப் பொருள் தெரிந்துகொள்வதுதான்.

இதை எழுதும்போது இன்னொன்றும் தெளிவானது. விக்சனரியை நடத்தும் விக்கிமீடியாவின் தளங்களில் உள்ள ஏபிஐ (நிரல்கள் தகவல் கேட்பதற்கான வாயில்), கோரிக்கையில் ஆரிஜின் என்ற அளபுருவுக்கு நட்சத்திரக் குறியை மதிப்பாகக் கொடுத்தால், அதை அடையாளமற்ற வாசகரின் கோரிக்கையாக நடத்தி, யாரும் படிக்கலாம் என்ற கோர்ஸ் தலைப்புவரியோடு பதில் தருகிறது. அப்படியென்றால் விக்சனரிக்கென்று தனி அனுமதி கேட்க வேண்டிய தேவையே எனக்கு இல்லை. மேனிஃபெஸ்டிலிருந்து அந்த வரியை நீக்கிவிட்டேன். அனுமதி இருந்தவரை, பயனர் விக்சனரியில் உள்நுழைந்திருந்தால் அவருடைய குக்கீயோடு சேர்த்துக் கோரிக்கை அனுப்பிப் பதிலைப் படிக்கக்கூட என் நிரலால் முடியும்; இப்போது முடியாது. பொருள் பார்ப்பதற்கு அந்த அதிகாரம் எதற்கு? அனுமதி கேட்பதற்கு முன் எதிர்ச் சர்வர் கோர்ஸை ஆதரிக்கிறதா என்று பார்ப்பது நீட்சி எழுதுபவர்களின் முதல் பழக்கமாக இருக்க வேண்டும். பெரும்பாலான பொதுத் தரவு ஏபிஐகள் இன்று ஆதரிக்கின்றன.

ஃபயர்ஃபாக்ஸில் கதை சற்று வேறு. அங்கே நீட்சிகளுக்கான மேனிஃபெஸ்ட் விதிமுறையின் பழைய, இரண்டாம் பதிப்பில் எழுதப்பட்ட நீட்சிகளுக்கு, கண்டென்ட் ஸ்கிரிப்ட்டிலிருந்தே கோரிக்கை அனுப்பும் பழைய சலுகை தொடர்கிறது. மூன்றாம் பதிப்புக்கு மாறினால் குரோமைப் போலவே பக்கத்தின் உரிமைதான். சஃபாரி பயனரிடம் தளம் தளமாகக் கேட்கிறது. ஒரு நாளைக்கு மட்டும் அனுமதி என்ற தெரிவுகூட அதில் உண்டு. மூன்று உலாவிகளும் நீட்சிகளைச் சில பக்கங்களுக்குள் விடுவதே இல்லை. குரோமின் நீட்சிக் கடை, மோசில்லாவின் நீட்சித் தளம், உலாவியின் அமைப்புப் பக்கங்கள் ஆகியவை எல்லாத் தளங்களுக்கும் என்ற அனுமதியிலும் அடங்காதவை. 2023 ஜூலையில் வந்த ஃபயர்ஃபாக்ஸ் 115, மோசில்லா கண்காணிக்காத நீட்சிகளைக் குறிப்பிட்ட சில தளங்களில் நிறுத்திவைக்கும் ஏற்பாட்டையும் கொண்டுவந்தது.

இதுவரை சொன்னதெல்லாம் ஒரு வகைப் பாதுகாப்பு. தீய தளம், நல்ல நீட்சியின் அதிகாரத்தைத் திருடாமல் காப்பது. நீட்சியே தீயதாக இருந்தால் இவற்றில் ஏதாவது உதவுமா?

ஏறக்குறைய எதுவும் உதவாது. நீட்சிக்கு ஒரு பக்கத்தைப் படிக்க அனுமதி இருந்தால், படித்ததைத் தன் சர்வருக்கு அனுப்ப அதற்கு எந்தத் தனி அனுமதியும் தேவையில்லை. கோர்ஸ் குறுக்கே வருமா என்றால், பெறும் சர்வர் தாக்குபவருடையது. வேண்டிய தலைப்புவரியை அவர் ஒரு நிமிடத்தில் சேர்த்துக்கொள்வார். பதிலைப் படிக்கவே தேவையில்லை என்றால் அதுகூட வேண்டாம். கோரிக்கை போய்ச் சேர்வதே போதும்.

2019 ஜூலையில் பாதுகாப்பு ஆய்வாளர் சாம் ஜடாலி வெளியிட்ட டேட்டாஸ்பை ஆய்வு இதற்கு நேரடிச் சான்று. ஹோவர் ஜூம், ஸ்பீக்இட் உள்ளிட்ட எட்டு நீட்சிகள், 40 லட்சத்துக்கும் மேற்பட்ட பயனர்கள் எந்தெந்த முகவரிக்குப் போகிறார்கள் என்பதை வெளியே அனுப்பிக்கொண்டிருந்தன; அந்த முகவரிகள் நாச்சோ அனலிடிக்ஸ் என்ற சேவையின் மூலம் பணம் கட்டும் எவருக்கும் கிடைத்தன. வெறும் முகவரிதானே என்று தோன்றலாம். ஆனால் வரிக் கோப்புகளும் மருத்துவ விவரங்களும் நிறுவனங்களின் உள் ஆவணங்களும், முகவரி தெரிந்தாலே திறக்கக்கூடிய பகிர்வு இணைப்புகளில்தான் கிடக்கின்றன. அவற்றில் சில நீட்சிகள், நிறுவிச் சில வாரங்கள் வரை சும்மா இருந்துவிட்டுப் பிறகே சேகரிக்கத் தொடங்கின. சோதித்துப் பார்ப்பவர் அவ்வளவு நாள் காத்திருக்க மாட்டார் என்ற கணக்கு. இத்தனைக்கும் அவை உலாவியின் எந்த விதியையும் உடைக்கவில்லை. கொடுத்த அனுமதியைக் கொடுத்தபடியே பயன்படுத்தின.

நீட்சியை எழுதியவர் நல்லவராக இருந்தாலும் நிலைமை மாறிவிடலாம். தரவுக் கசிவைத் தடுக்கும் மென்பொருள் விற்கும் சைபர்ஹேவன் நிறுவனத்தின் ஊழியர் ஒருவருக்கு 2024 டிசம்பர் 24 அன்று, உங்கள் நீட்சி கடையின் விதிகளை மீறுகிறது என்று ஒரு போலி மின்னஞ்சல் வந்தது. அதிலிருந்த இணைப்பு அவரை உண்மையான கூகுள் பக்கத்துக்கே கொண்டுபோய், 'பிரைவசி பாலிசி எக்ஸ்டென்ஷன்' என்ற பெயருடைய செயலிக்கு அனுமதி தரச் செய்தது. கடவுச்சொல் திருடப்படவில்லை, இரண்டாம் நிலைச் சரிபார்ப்புக்கு வேலையே வரவில்லை. தாக்குபவர்கள் அந்த அனுமதியைக் கொண்டு நீட்சியின் புதிய பதிப்பொன்றைக் கடையில் ஏற்றினார்கள். கடையின் பரிசீலனையும் முடிந்து, கிறிஸ்துமஸ் அன்று அது பயனர்களின் உலாவிகளுக்குத் தானாகவே போய்ச் சேர்ந்தது. ஏறத்தாழ 4 லட்சம் பேர் பயன்படுத்திய நீட்சி அது. புதிய பதிப்பு, நீட்சியின் பெயரை ஒட்டி அமைக்கப்பட்ட முகவரியில் இருந்த சர்வரிடம் கட்டளைகளைக் கேட்டுப் பெற்று, ஃபேஸ்புக் விளம்பரக் கணக்குகளின் விவரங்களைக் குறிவைத்து வெளியே அனுப்பியது. புதிய அனுமதி எதையும் அது கேட்கவில்லை. கேட்டிருந்தால் குரோம் நீட்சியை நிறுத்திவைத்துப் பயனரிடம் சம்மதம் கேட்டிருக்கும். ஏற்கெனவே இருந்த அனுமதியே தாராளமாகப் போதுமானதாக இருந்தது.

நீட்சி விதிமுறையின் மூன்றாம் பதிப்பான மேனிஃபெஸ்ட் 3 பற்றிய சண்டையை இந்தப் பின்னணியில் பார்க்க வேண்டும். 2018-இல் கூகுள் முன்மொழிந்து, 2021 ஜனவரியில் குரோம் 88-இல் நடைமுறைக்கு வந்த அந்த அமைப்பு பல மாற்றங்களைக் கொண்டுவந்தது. நிரல் முழுவதும் நீட்சிப் பொதிக்குள்ளேயே இருக்க வேண்டும், வெளிச் சர்வரிலிருந்து நிரலை இறக்கி ஓட்டக் கூடாது என்பது அவற்றில் சிறந்தது. பரிசீலிப்பவர் பார்ப்பதும் பயனர் ஓட்டுவதும் ஒன்றாக இருக்க அது உதவுகிறது. பின்னணி நிரல் எப்போதும் விழித்திருக்காமல், வேலை இல்லாதபோது 30 விநாடிகளில் உறங்கிவிடும் சர்வீஸ் வொர்க்கராக மாறியது. இவற்றைவிடப் பெரிய சத்தம் எழுந்தது வெப்ரிக்வெஸ்ட் என்ற ஏபிஐயின்மேல். முன்பு நீட்சி, உலாவி அனுப்பப்போகும் ஒவ்வொரு கோரிக்கையையும் இடைமறித்து, பார்த்து, அந்த நேரத்திலேயே நிறுத்தலாம். விளம்பரத் தடுப்பான்கள் அப்படித்தான் வேலை செய்தன. மூன்றாம் பதிப்பில், நிறுவனக் கொள்கையின்படி நிறுவப்பட்ட நீட்சிகளைத் தவிர மற்றவற்றிடமிருந்து நிறுத்தும் அதிகாரம் பறிக்கப்பட்டது. மாறாக, எதை நிறுத்த வேண்டும் என்ற விதிப் பட்டியலை உலாவியிடம் முன்கூட்டியே கொடுத்துவிட வேண்டும். உலாவியே ஒப்பிட்டு நிறுத்தும். ஒரு நீட்சிக்கு உறுதியாகக் கிடைக்கும் நிலையான விதிகள் 30,000. அதற்குமேல் எல்லா நீட்சிகளுக்கும் பொதுவான ஒதுக்கீட்டிலிருந்து கிடைக்கலாம்.

கூகுளின் வாதத்தில் ஒரு நியாயம் இருக்கிறது. பட்டியல் முறையில் தடுப்பானுக்கு நம்முடைய போக்குவரத்தைப் பார்க்கவே தேவையில்லை. எல்லாத் தளங்களுக்கும் அனுமதி இல்லாமலேயே கோரிக்கைகளை நிறுத்தலாம். ரேமண்ட் ஹில் எழுதிய யூபிளாக் ஆரிஜின் லைட் என்ற தடுப்பான் முதலில் அந்த வகையிலேயே வெளிவந்தது. ஆனால் திருட்டைத் தடுக்கவே இந்த மாற்றம் என்று சொல்லும்போதுதான் வாதம் நொண்டுகிறது. நிறுத்தும் அதிகாரம் போனதே தவிர, வெப்ரிக்வெஸ்ட் மூலம் கோரிக்கைகளை வேடிக்கை பார்க்கும் அதிகாரம், தள அனுமதி பெற்ற எந்த நீட்சிக்கும் அப்படியே இருக்கிறது. டேட்டாஸ்பை வகை நீட்சிக்குத் தேவை வேடிக்கை பார்ப்பதும் வெளியே அனுப்புவதும்தான். எதையும் நிறுத்துவதில் அதற்கு அக்கறை இல்லை. இணைய உரிமைகளுக்காக இயங்கும் எலக்ட்ரானிக் ஃபிரான்டியர் ஃபவுண்டேஷன் இதைத்தான் 2021-இலேயே சுட்டிக்காட்டியது. ஃபயர்ஃபாக்ஸ், மூன்றாம் பதிப்பை ஏற்றுக்கொண்டும் நிறுத்தும் அதிகாரத்தை விட்டுவைத்திருக்கிறது. விளம்பரத்தில் பிழைக்கும் நிறுவனம் ஒன்று, பாதுகாப்பின் பெயரில் தடுப்பான்களின் கையை மட்டும் கட்டியதைச் சந்தேகத்தோடு பார்ப்பவர்களை நான் குறை சொல்ல மாட்டேன்.

பயனர் கையில் இருக்கும் கருவிகளில் உருப்படியானது 2018 அக்டோபரில் குரோம் 70-ஓடு வந்தது. நீட்சி எல்லாத் தளங்களுக்கும் கேட்டிருந்தாலும், அதன் விவரப் பக்கத்தில் போய், நான் சொடுக்கும்போது மட்டும், அல்லது இந்தத் தளங்களில் மட்டும் என்று நாமே குறுக்கலாம். மொழிபெயர்ப்பு, திரைப்பிடிப்பு போன்ற எப்போதாவது பயன்படுத்தும் நீட்சிகளுக்குச் சொடுக்கும்போது மட்டும் என்பதே போதும், ஒன்றும் கெடாது. நீட்சி படிக்கக்கூடியதையே குறைப்பதால், வெளியே அனுப்பக்கூடியதும் தானாகக் குறைகிறது.

உருவாக்குநர் பக்கத்தில் ஒரு வழி உண்டு, ஆனால் யாரும் அதைக் கட்டாயமாக்கவில்லை. மேனிஃபெஸ்டில் நீட்சியின் சொந்தப் பக்கங்களுக்கும் பின்னணி நிரலுக்கும் பொருந்தும் உள்ளடக்கப் பாதுகாப்புக் கொள்கையை எழுதலாம். எந்த நிரலை ஓட்டலாம் என்பதில் குரோம் மிகக் கண்டிப்பு. எந்தச் சர்வரோடு பேசலாம் என்பதில் இயல்பாக எந்தக் கண்டிப்பும் இல்லை. நாமே விரும்பி கனெக்ட்-எஸ்ஆர்சி என்ற வரியைச் சேர்த்து அதில் முகவரிகளைக் குறிப்பிட்டால், பின்னணி நிரல் மற்ற சர்வர்களுக்குக் கோரிக்கை அனுப்ப முயலும்போது உலாவி தடுக்கும். என் நீட்சியில் அந்த வரியில் விக்சனரியின் முகவரி ஒன்றுதான் இருக்கிறது. பொதியைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்த எவரும், இதன் பின்னணி நிரல் வேறெங்கும் நேரடியாகப் பேசாது என்று அரை நிமிடத்தில் தெரிந்துகொள்ளலாம்.

இதற்கு இரண்டு குறைகள் உண்டு. கண்டென்ட் ஸ்கிரிப்ட்டை அந்த வரி கட்டுப்படுத்தாது; அது பக்கத்தில் ஒரு படத்தைச் செருகி, படத்தின் முகவரிக்குள் தரவை வைத்து அனுப்பிவிடலாம். இரண்டாவது குறை இன்னும் முக்கியமானது. புதிய தளத்துக்கு அனுமதி கேட்டால் உலாவி பயனரை எழுப்பிக் கேட்கிறது. ஆனால் அடுத்த பதிப்பில் நான் அந்தக் கொள்கை வரியை நீக்கிவிட்டாலோ, அதில் வேறொரு சர்வரைச் சேர்த்துவிட்டாலோ உலாவி யாரிடமும் ஒரு சொல்லும் சொல்வதில்லை. என் கணக்கை நாளை ஒருவர் கைப்பற்றினால் அவர் செய்யும் முதல் வேலை அதுவாகத்தான் இருக்கும். நீட்சி எந்தச் சர்வர்களோடு பேசும் என்பதையும் ஓர் அனுமதியாகவே கருதி, கடையின் பக்கத்தில் காட்டி, பட்டியல் நீளும்போது பயனரிடம் மீண்டும் கேட்க உலாவிகளால் முடியும். தேவையான தகவல் மேனிஃபெஸ்ட் கோப்பிலேயே இருக்கிறது. கண்டென்ட் ஸ்கிரிப்ட்டின் வழி அப்போதும் திறந்திருக்கும் என்பது உண்மைதான். ஆனாலும் சைபர்ஹேவன் நீட்சியின் அந்தப் புதிய பதிப்பு, தன் பின்னணி நிரலிலிருந்து முன்பின் தெரியாத சர்வரிடம் கட்டளை கேட்பதற்கு முன், ஒவ்வொரு பயனரிடமும் ஒருமுறை கேட்டிருக்க வேண்டியிருக்கும்.